வெளியே நிற்கும் தாயார், உள்ளே உட்கார்ந்திருக்கும் கூட்டம்: மாற்கு 3-ஐப் பாடம் எடுக்கிறவர்களுக்கு

"தேவனுடைய சித்தத்தின்படி செய்கிறவன் எவனோ அவனே எனக்குச் சகோதரனும், எனக்குச் சகோதரியும், எனக்குத் தாயுமாய் இருக்கிறான்." மாற்கு 3:35. இந்த ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கி வீட்டுக்கூட்டத்தில் பாடம் எடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். "நாமெல்லாரும் ஒரே குடும்பம்" என்று இனிக்க இனிக்கப் பேசிக் கலைந்துவிடுவோம். அல்லது, நேற்று விசுவாசத்துக்கு வந்த ஒரு பிள்ளையிடம் "உன் அப்பா அம்மாவை விட்டு வா" என்று சொல்லாமல் சொல்லிவிடுவோம். வேதத்தில் இரண்டுமே இல்லை.

தவறு ஆரம்பிப்பது எங்கே என்றால், வாசிப்பை 31-ம் வசனத்தில் தொடங்குவதில். 20-லிருந்து தொடங்குங்கள். 20 முதல் 35 வரை 16 வசனங்கள். நிதானமாக வாசித்தாலும் மூன்று நிமிடம் ஆகாது.

20-ல் இயேசு இருக்கும் வீடு நிரம்பி வழிகிறது, சாப்பிடக்கூட நேரமில்லை. 21-ல் அவருடைய இனத்தார் கேள்விப்பட்டு, "மதிமயங்கியிருக்கிறார்" என்று சொல்லி அவரைப் பிடித்துக்கொண்டுபோகக் கிளம்புகிறார்கள். அந்தக் கதையை மாற்கு அங்கேயே நிறுத்திவிட்டு, எருசலேமிலிருந்து வந்த வேதபாரகரைக் கொண்டுவருகிறார். அவர்கள் "இவன் பெயெல்செபூலைக் கொண்டிருக்கிறான்" என்கிறார்கள், அதாவது பிசாசுகளின் தலைவனை. அந்த வாதம் 30-ம் வசனத்தில் முடிகிறது. 31-ல் கிளம்பினவர்கள் வந்து சேர்கிறார்கள். ஒரு கதையைப் பாதியில் வெட்டி, நடுவில் இன்னொன்றை வைத்து, பிறகு முதல் கதையை முடிப்பது மாற்குவின் பழக்கம். 5-ம் அதிகாரத்தில் யவீருவின் மகளும் பெரும்பாடுள்ள ஸ்திரீயும், 11-ல் அத்திமரமும் தேவாலயமும், 14-ல் பேதுருவின் மறுதலிப்பும் ஆலோசனைச் சங்கமும் இதே முறையில் வருகின்றன. இப்படி வைத்தால் இரண்டு கதைகளையும் ஒன்றை வைத்து ஒன்றை வாசிக்க வேண்டும் என்று அர்த்தம்.

அதனால் தாயாரும் சகோதரரும் நலம் விசாரிக்க வந்தவர்கள் அல்லர். ஊழியத்தை நிறுத்தி வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவர்கள். அவர் தங்கியிருந்தது கப்பர்நகூம் வீடு என்று கொண்டால், நாசரேத்திலிருந்து அது 30 கிலோமீட்டருக்கும் மேல், ஒரு முழு நாள் நடை. அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் உள்ளே வராமல் வெளியே நின்று ஆள் அனுப்புகிறார்கள். நடுவில் இருக்கும் வாதத்தில் இயேசு என்ன சொன்னார் என்று திரும்பப் பாருங்கள்: தனக்குத்தானே விரோதமாகப் பிரிந்த வீடு நிலைநிற்காது (3:25). சாத்தானுடைய ராஜ்யத்தைப் பற்றித்தான் சொன்னார், ஆனால் அதைச் சொல்லி வாய் மூடுமுன் அவருடைய சொந்த வீடே வாசலில் பிரிந்து நிற்கிறது. மாற்கு இதைத் தெரியாமல் வைத்தார் என்று எனக்குத் தோன்றவில்லை.

கூட்டத்தில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து "உள்ளே யார், வெளியே யார்" என்று இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். உள்ளே அவரைச் சூழ உட்கார்ந்திருக்கும் ஜனங்கள். வெளியே தாயாரும் சகோதரரும். அப்படியே 4:10-11-க்குப் போனால் "அவரைச் சூழ்ந்திருந்தவர்கள்", "புறம்பே இருக்கிறவர்கள்" என்று அதே கோடு மறுபடி வருகிறது. அந்தக் கோட்டை இரத்தம் போடவில்லை. படிப்போ ஊரோ ஜாதியோ போடவில்லை. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை: உள்ளே உட்கார்ந்திருப்பதே போதும் என்று முடித்துவிடக்கூடாது. 34-ல் உட்கார்ந்திருந்தவர்களைச் சுற்றிப்பார்த்து "இவர்களே" என்றவர், 35-ல் "செய்கிறவன் எவனோ" என்கிறார். யூதாசும் அந்த வட்டத்தில்தான் இருந்தான்; 3:19-ல் அவன் பெயரைக் காட்டிக்கொடுத்தவன் என்ற அடைமொழியோடு சொன்ன பிறகுதான் மாற்கு வீட்டுக் காட்சிக்கே வருகிறார்.

மத்தேயு 12:46-50, லூக்கா 8:19-21 இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கப் பத்து நிமிடம் போதும். மத்தேயுவில் அவர் சீஷர்களைக் கைநீட்டிக் காட்டுகிறார். "பரலோகத்திலிருக்கிற என் பிதாவின் சித்தம்" என்கிறார். லூக்காவில் "என் தாயார் யார்?" என்ற கேள்வியே இல்லை, மதிமயக்கம் என்ற பேச்சும் இல்லை. விதைக்கிறவன் உவமைக்குப் பின்னால் இதை வைத்து, "வசனத்தைக் கேட்டு, அதின்படி செய்கிறவர்கள்" என்று முடிக்கிறார். மூன்றிலும் மாறாமல் நிற்பது செய்வது ஒன்றுதான்.

கேட்டால் ஒழிய யாரும் கவனிக்காத ஒன்று: சகோதரன், சகோதரி, தாய் என்று சொன்னவர் தகப்பன் என்று சொல்லவில்லை. யோசேப்பு அப்போது உயிரோடு இல்லாததால் என்று சிலர் சொல்லுவார்கள். இருக்கலாம். ஆனால் மாற்கு 10:29-30-ஐத் திறந்து இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். விட்டுவருகிறவற்றில் தகப்பன் உண்டு. நூறத்தனையாகத் திரும்பக் கிடைப்பவற்றில் வீடுகள், சகோதரர், சகோதரிகள், தாய்கள், பிள்ளைகள், நிலங்கள் உண்டு, கூடவே துன்பங்களும் உண்டு. தகப்பன் மட்டும் இல்லை. அந்த இடத்தில் பிதா ஒருவரே இருக்கிறார். மத்தேயு 23:9-ம் இதைத்தான் சொல்கிறது. ரோமர் காலத்துக் குடும்பத்தில் பிள்ளை, அடிமை, சொத்து எல்லாவற்றின் மேலும் அதிகாரம் தகப்பன் கையில் இருந்தது. அந்த நாற்காலியைக் காலியாக விட்ட குடும்பம் இது. சபைகள் கெட்டுப்போகும் இடங்களில் முக்கியமானது இதுதான். "நான் உங்களுக்கு ஆவிக்குரிய தகப்பன், என்னைக் கேட்காமல் வீடு மாறக்கூடாது, பெண் பார்க்கக்கூடாது" என்று ஊழியக்காரர் சொல்லத் தொடங்கினால், இயேசு காலியாக விட்ட நாற்காலியில் யாரோ உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். பவுலும் தன்னைத் தகப்பன் என்று சொல்லியிருக்கிறாரே என்று கேட்பார்கள் (1 கொரிந்தியர் 4:15). சொன்னார். அப்படிச் சொன்னவர் ஒநேசிமு என்ற அடிமையின் கடனைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டவர். அதற்குப் பிறகு வருகிறேன்.

"தேவசித்தம்" என்று சொன்னதும் வாலிபர் கூட்டத்தில் கை தூக்குகிறவர்கள் கேட்பது மூன்றுதான்: எந்த வேலை, எந்த ஊர், எந்த வரன். இந்தக் கேள்விகளை அலட்சியம் செய்ய வேண்டாம். ஆனால் மாற்கு 3 அதைப் பேசவில்லை. அங்கே சித்தம் என்பது ஒளிந்திருக்கும் ரகசியத் திட்டம் அல்ல, ஏற்கெனவே தெரிந்த கட்டளை. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் சூம்பின கையுள்ளவனை நடுவே நிறுத்தி, ஓய்வுநாளில் நன்மை செய்வதா தீமை செய்வதா என்று அவர் கேட்கிறார். வேதத்தில் "இது தேவனுடைய சித்தம்" என்று நேரடியாகச் சொல்லும் இடங்களை மட்டும் எடுத்துப் பலகையில் எழுதுங்கள்: 1 தெசலோனிக்கேயர் 4:3 பரிசுத்தம், 5:18 எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம், 1 பேதுரு 2:15 நன்மை செய்வது. இவற்றில் ஒன்றுக்கும் தனி வெளிப்பாடு தேவையில்லை. இறுதியில் மாற்கு 14:36. கெத்செமனேயில் "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்று சொன்னவரே முதல் சகோதரன். மற்றவர்களிடம் கேட்டதை அவர் தாமும் செய்தார், செலவு என்ன என்று தெரிந்தே.

அடுத்து, பெற்றோர். இந்தப் பகுதியை எடுக்கும் அன்றே மாற்கு 7:9-13-ஐயும் எடுத்துவிட வேண்டும், அடுத்த வாரத்துக்குத் தள்ளக்கூடாது. தாய்தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்த இடம் அது. பெற்றோருக்கு மாதாமாதம் அனுப்பிய பணத்தை நிறுத்திவிட்டு "ஊழியத்துக்குக் கொடுக்கிறேன்" என்று ஒரு பையன் வந்து நின்றால், அதைச் சாட்சியாக மேடையில் சொல்ல வைக்காதீர்கள். 7-ம் அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். சொந்த ஜனங்களை, விசேஷமாகத் தன் வீட்டாரை, விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. இயேசுவின் தாயாரும் கடைசிவரை வெளியே நிற்கவில்லை: சிலுவையினருகே அவரைச் சீஷனிடம் ஒப்படைத்ததை யோவான் 19-ல் வாசிக்கிறோம், அப்போஸ்தலர் 1:14-ல் அவரும் சகோதரரும் மேல்வீட்டில் ஜெபத்தில் இருக்கிறார்கள்.

அந்தச் சகோதரர் யார் என்ற சண்டை நிச்சயம் வரும். மாற்கு 6:3-ல் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று நான்கு பெயர். மரியாளுக்குப் பிறந்த தம்பிமார் என்று புராட்டஸ்டண்டு சபைகளில் பெரும்பாலோர் சொல்வர். பெரியம்மா சித்தி பிள்ளைகள் போன்ற உறவு என்று பழங்காலச் சபை அறிஞர் எரோனிமுவைப் பின்பற்றிக் கத்தோலிக்கர் சொல்வர். யோசேப்பின் முதல் தாரத்துப் பிள்ளைகள் என்று கீழைத்திருச்சபைகள் சொல்லும். ஐந்து நிமிடம் கொடுத்து முடித்துவிடுங்கள், ஏனென்றால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 35-ம் வசனம் அசையப்போவதில்லை. அதைவிட ருசியானது அவர்களில் இரண்டு பேர் பிறகு எப்படித் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள் என்பது. யாக்கோபின் நிருபம் 1:1: தேவனுக்கும் கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவுக்கும் ஊழியக்காரன். யூதா 1: இயேசுகிறிஸ்துவின் ஊழியக்காரனும் யாக்கோபினுடைய சகோதரனும். "நான் அவருடைய தம்பி" என்று எழுதியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? இரண்டு பேரும் எழுதவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், எருசலேம் சபை இரத்த உறவை அடியோடு மறந்துவிடவும் இல்லை. யாக்கோபு அங்கே தூணாக இருந்தார்; கி.பி. 62-ல் அவர் கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் பதிந்திருக்கிறார். அவருக்குப் பின் வந்த சிமியோனும் உறவுக்காரர்தான் என்று பழைய மரபு சொல்கிறது. பழைய எழுத்தாளர் எகேசிப்பு சொன்னதாகச் சபை வரலாற்றாசிரியர் யுசேபியஸ் ஒரு சம்பவம் தருகிறார்: ரோம ராயன் தொமித்தியான் காலத்தில் யூதாவின் பேரன்மார் இருவர், தாவீதின் வம்சத்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு ராயன் முன் நிறுத்தப்பட்டார்கள். சொத்து எவ்வளவு என்று கேட்டதற்கு, இருவருக்கும் சேர்த்து 9,000 தெனாரியம், அதுவும் பணமாக இல்லை, 39 பிளெத்ரா (பழைய கிரேக்க நில அளவு) நிலமாக என்றார்கள். பிறகு கையை நீட்டி, உழுது காய்த்துப்போன உள்ளங்கையைக் காட்டினார்கள். ராயன் அவர்களை ஒரு பொருட்டாக எண்ணாமல் விட்டுவிட்டான். மேசியாவின் இரத்த உறவினருக்கு மிஞ்சியது அந்த நிலமும் அந்தக் காய்ப்பும்தான்.

இனி செலவுக் கணக்கு. நம் ஊரில் சொந்தம் யார் என்று நல்லது கெட்டதில்தான் தெரியும். சீர் வைப்பது யார், ஆஸ்பத்திரியில் இரவு தங்குவது யார், பாடை தூக்குவது யார். முதல் நூற்றாண்டுச் சபைக்கும் இது தெரிந்திருந்தது. பிலேமோனுக்கு எழுதின நிருபம் 25 வசனம்தான், அதே கூட்டத்தில் முழுவதும் வாசித்துவிடலாம். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவை "பிரியமான சகோதரனாக" ஏற்றுக்கொள்ளச் சொல்லும் பவுல், 18-ம் வசனத்தில் அவன் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வை என்கிறார். 19-ல் "நானே இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் அதைச் செலுத்தித்தீர்ப்பேன்". கைச்சாத்துப் போட்ட கடன் சீட்டு அது. சகோதரன் என்ற சொல்லுக்கு எதிரே தொகை எழுத இடம் விட்டிருக்கிறார்.

விதவைகளுக்கு 1 தீமோத்தேயு 5-ல் நடைமுறை விதிகளே இருக்கின்றன. சொந்தப் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ உள்ளவர்களை முதலில் அவர்களே தாங்க வேண்டும், சபைப் பட்டியலில் ஏறுகிறவருக்கு 60 வயதுக்குக் குறையக்கூடாது, உண்மையிலேயே ஆதரவில்லாதவருக்குப் போதுமான அளவு மிஞ்ச வேண்டும். இது கல்நெஞ்சம் இல்லை. பட்டியல் நீண்டால் யாருக்கும் போதாது என்று அறிந்தவர்கள் எழுதியது. சுமார் 197-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை தன்னால் முடிந்ததைப் பெட்டியில் போடுகிறார்கள், கட்டாயம் இல்லை, அது ஏழைகளின் சாப்பாட்டுக்கும் அடக்கத்துக்கும், அநாதைகளுக்கும், வயதான அடிமைகளுக்கும், சுரங்கத்திலும் சிறையிலும் இருப்பவர்களுக்கும் போகிறது என்று விவரிக்கிறார். நாங்கள் சகோதரர் என்று அழைத்துக்கொள்வதைக் கண்டு எரிச்சல்படுகிறார்கள் என்று அதே இடத்தில் எழுதுகிறார். 251-ல் ரோமாபுரிச் சபை 1,500-க்கும் அதிகமான விதவைகளையும் வறியவர்களையும் தாங்கியதாக அதன் பேராயர் கொர்னேலியு கடிதம் எழுதியிருக்கிறார்.

இன்றைக்கு நம் சபைகளில் இது சோதிக்கப்படுவது முதல் தலைமுறை விசுவாசியிடம். ஞானஸ்நானம் எடுத்த அன்று மாலை மாலையும் கேக்கும் உண்டு. அடுத்த மாதம் அவர் கிறிஸ்துமஸ் அன்று எங்கே சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது. கமிட்டியிடம் பொறுப்பைக் கொடுத்தால் நடக்காது. இரண்டு வீட்டாரிடம் கொடுங்கள். ஒரு வீடு என்றால் அவர்கள் ஊர் மாறினதும் அறுந்துபோகும், ஐந்து வீடு என்றால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள். முதல் ஒரு வருடத்துக்கு என்னென்ன என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: பண்டிகைச் சாப்பாடு, உடம்புக்கு முடியாதபோது கூட இருப்பது, வாரம் ஒரு போன். கல்யாணம் என்று வந்தால் ஓலை வாசிக்கக் கொடுப்பதற்கு முன்பே அவருடைய பெற்றோரைப் போய்ப் பார்ப்பது, அவர்கள் வரமாட்டேன் என்றால் பெற்றோர் இடத்தில் நிற்பது யார், பந்திச் செலவு யாருடையது என்பதைத் தீர்மானிப்பது. முதியவராக இருந்தால் அடக்கம் எங்கே, யார் பொறுப்பு என்பதையும் கேட்டு எழுதி வைப்பது. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டு, சாவு வீட்டில் உறவினரோடு சச்சரவு செய்வதுதான் பல இடங்களில் நடக்கிறது.

கெட்டுப்போகும் விதங்களும் பழகினவைதான். முதல் மாதம் தாங்கு தாங்கென்று தாங்கிவிட்டு ஆறாம் மாதம் பெயரை மறப்பது. "நம்ம பிள்ளைதானே" என்று நாற்காலி தூக்க, சவுண்டு பெட்டி இறக்க, ஊழியக்காரர் வீட்டு வேலை செய்யக் கூலியில்லாமல் வைத்துக்கொள்வது. கடன் கொடுத்துவிட்டு அதை வைத்துக் கட்டுப்படுத்துவது. கொடுப்பதானால் திரும்ப வராது என்று கொடுங்கள், இல்லாவிட்டால் தேதி போட்டுச் சீட்டு எழுதுங்கள். வாலிபப் பெண்ணை ஒரு வீட்டில் தங்க வைத்தால் வயதான பெண் ஒருவர் இருக்கும் வீடாக இருக்கட்டும். பாலிய ஸ்திரீகளைச் சகோதரிகளைப்போல "எல்லாக் கற்புடன்" என்று 1 தீமோத்தேயு 5:2 கூடுதலாக இரண்டு சொல் போட்டிருப்பது சும்மா இல்லை. யாக்கோபு 2:15-16-ல் வருகிறவர் சாப்பாடு கொடுக்காமல் "சமாதானத்தோடே போங்கள்" என்கிறார். நம் ஆட்கள் "ஜெபிக்கிறோம் பிரதர்" என்கிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்த உறவுக்குச் சட்டமே உண்டு, ஞானப்பெற்றோர், அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள். 530-ல் ஜஸ்டீனியன் ராயன் ஞானத்தகப்பன் ஞானமகளை மணக்கக்கூடாது என்று தடுத்தான். ஞான உறவு வளர்ந்து வளர்ந்து யாரும் யாரையும் மணக்க முடியாத அளவுக்குச் சிக்கலானதால் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் 1563-ல் அதைச் சுருக்கியது. 1983 சட்டத் தொகுப்பில் அந்தத் திருமணத் தடை எடுக்கப்பட்டது, கீழைச் சபைகளுக்கான 1990 தொகுப்பில் இன்னும் இருக்கிறது. ஞானப்பெற்றோராக நிற்பவருக்குப் பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிபூசுதல் பெற்றிருக்க வேண்டும், விசுவாசத்துக்கு ஏற்ற வாழ்க்கை வேண்டும், பிள்ளையின் தாயோ தகப்பனோ ஆக இருக்கக்கூடாது. ஒருவர் போதும், இருவர் என்றால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். பணமும் செல்வாக்கும் பார்த்து ஆள் பிடிப்பதும், செயினைப் போட்டுவிட்டு அதோடு மறந்துவிடுவதும்தான் இதில் வழக்கமான கோளாறு. பெற்றோர் வேலை தேடி வெளியூர் போனால் இந்தப் பிள்ளையை மறைக்கல்விக்கு யார் கூட்டிப்போவார் என்று கேட்டுப்பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கடைசியாக, தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை ஜாதியைத் தொடாமல் எடுத்தால் அது எடுத்ததாகாது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டின கோவிலுக்கு இரண்டு நீண்ட கூடங்கள், கால்சட்டையின் இரு கால்களைப்போல விரிந்து, பீடத்தில் மட்டும் வந்து சேரும். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார், நடுவில் தடுப்பு. கோவிலின் பெயர் திருக்குடும்ப ஆலயம். ஒரே பீடத்தில் நன்மை (நற்கருணை) வாங்கிக்கொண்டு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் வெளியே போய்விடலாம். 1910-ல் அந்தத் தடுப்பைச் சேசு சபைக் குருக்கள் இடித்தார்கள். எங்கள் தனி இடத்தைத் திருப்பித் தாருங்கள் என்று போட்ட வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இதைச் சொன்னதும் புராட்டஸ்டண்டு முகங்களில் ஒரு திருப்தி தெரியும். அப்போது கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் எழுதின சுற்றறிக்கையைச் சொல்லுங்கள். சபையில் ஜாதி வேறுபாட்டை உடனே விட வேண்டும் என்றதற்கு, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு கூட்டத்தில் ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமைதியாக இருங்கள்: உங்கள் வீட்டு வரன் தேடும் விளம்பரத்தில் "விசுவாசி" என்ற சொல்லுக்கு முன்னால் என்ன எழுதுவீர்கள்? பதில் சொல்லச் சொல்லி யாரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டாம். இந்தக் கேள்விக்குக் குறைந்தது பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள்; கூட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கேட்டால் முடிவு ஜெபத்தைக் காட்டி எல்லாரும் தப்பித்துவிடுவார்கள்.